பலூன் விடறது பெரிசில்லை, பெட்டி எங்கேன்னு தெரியணும்

"மேல போறதெல்லாம் சரிடா... கீழ யார் தலைல விழும்?"

கேட்டது என் பாட்டி. இடம், அபிராமபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. நானும் வகுப்புத் தோழர்கள் இரண்டு பேரும் ஒரு தெர்மாகோல் பெட்டி, கொஞ்சம் வயர், ஒரு சால்டரிங் அயர்ன் சகிதம் உட்கார்ந்திருந்தோம். காய்ந்த வடாமை எடுக்க வந்த பாட்டி இது என்னவென்று கேட்க, "பலூன்ல கட்டி 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பப் போறோம் பாட்டி" என்று நான் கொஞ்சம் கெத்தாகவே சொன்னேன். அதற்கு வந்த பதில்தான் மேலே இருப்பது. மூன்று பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அதுவரை மேலே என்ன கேமரா வைக்கலாம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, பெட்டி எங்கே விழும் என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை.

அதிலிருந்து எனக்கு ஒரு கருத்து. பிடிக்காதவர்கள் சண்டைக்கு வரலாம் :-) பலூன் ப்ராஜெக்டில் பலூன் முக்கியமில்லை, கேமராவும் முக்கியமில்லை. பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கருவிதான் ப்ராஜெக்ட். அதைக் கடையில் வாங்கி ஒட்டாமல், தப்பும் தவறுமாக நாமே செய்ய வேண்டும்.

முதலில் கதைச் சுருக்கம், பலூன் பக்கமே போகாதவர்களுக்காக. பெரிய ரப்பர் பலூனில் ஹீலியம் அடைத்து, கீழே ஒரு பாராசூட், அதற்கும் கீழே நம் பெட்டி. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஏறினால் 30 கிலோமீட்டர் போக 100 நிமிஷம். அங்கே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான். ஏற ஏறப் பலூன் ஊதிப் பெருத்துக்கொண்டே போய் டப்பென்று வெடிக்கும். பிறகு பாராசூட்டில் இறக்கம். இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறையின் பலூன் வழக்கமாகக் காலை, மாலை 5.30 மணி அளவீட்டுக்காக மேலே போகிறது. நம் தலைக்கு மேலேதான். எத்தனை பேர் அண்ணாந்து பார்த்திருக்கிறோம்? 2021 பிப்ரவரி 7 அன்று ராமேஸ்வரத்தில் மாணவர்கள் செய்த 100 குட்டிச் செயற்கைக்கோள்கள் பலூனில்தான் மேலே போயின. 2022 சுதந்திர தினத்தன்று சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, பலூனில் சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் தேசியக் கொடியைப் பறக்கவிட்ட படத்தை எல்லோரும் ஷேர் செய்தோம்.

ஆக, மேலே போவது நடக்கிற காரியம்தான். இனி கீழே வருவோம்.

'ஜி.பி.எஸ். வச்சா போச்சு, சாட்டிலைட் பார்த்துக்கும்' என்று என் வகுப்பிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள். (சத்தியமாக நானும் அப்படித்தான் நினைத்தேன்.) சாட்டிலைட் நம்மைப் பார்ப்பதே இல்லை. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, 'இப்போ மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கேன்' என்று கத்திக்கொண்டே இருப்பது மட்டும்தான் அதன் வேலை. குறைந்தது நாலு சாட்டிலைட்டின் கத்தலைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, தான் எங்கே இருக்கிறோம் என்று கணக்குப் போடுவது நம் பெட்டியில் இருக்கும் ரிசீவர். அந்த விடை ரிசீவருக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தரைக்குச் சொல்ல இன்னொரு ரேடியோ வேண்டும். தெரிந்துகொள்வது ஒரு வேலை, தெரிவிப்பது இன்னொரு வேலை. பாதி ப்ராஜெக்டுகள் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான்.

"பைக் திருடு போகாம இருக்க விக்கறாங்களே ட்ராக்கர், அதை வாங்கி உள்ள போட்டுடேன்" என்றார் ஒரு சீனியர். அது மொபைல் டவரை நம்பி வேலை செய்வது. டவரின் ஆன்டெனாக்கள் தரையில் இருக்கும் நம்மை நோக்கித்தான் சாய்ந்திருக்கின்றன. சில கிலோமீட்டர் ஏறியதுமே சிக்னல் காலி. அதற்குப் பிறகு ஒன்றரை, இரண்டு மணி நேரம் மௌன விரதம். திரும்பி வந்து சிக்னல் இருக்கும் ஊரில் விழுந்தால் மட்டும் எஸ்.எம்.எஸ். வரும். இதிலும் ஜெயித்தவர்கள் உண்டு. 2009 செப்டம்பரில் எம்.ஐ.டி. மாணவர்கள் சுமார் 150 டாலர் செலவில், ஜி.பி.எஸ். உள்ள ஒரு சாதாரண மொபைல் போனைப் பெட்டியில் வைத்து 93,000 அடி உயரம் அனுப்பிப் பத்திரமாக மீட்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில் வங்கக் கடல் இல்லை!

வெளிநாட்டு ஆர்வலர்களில் பலர், சாட்டிலைட் வழியே இருப்பிடத்தை அனுப்பும் சின்னக் கருவி ஒன்றைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இங்கே முறையான அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனோ, அந்த மாதிரிக் கருவியோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம். அதைப் பையில் வைத்திருந்து விமான நிலையத்தில் மாட்டிக்கொண்ட வெளிநாட்டுப் பயணிகள் பற்றிய செய்திகளைப் படித்திருப்பீர்கள். அந்தக் கதவும் நமக்கு மூடல்.

மிச்சம் இருப்பது ரேடியோ. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையை, குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்டு லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று 2005-லேயே மத்திய அரசு அனுமதித்துவிட்டது. பிறகு 868 வரை நீட்டியும் விட்டார்கள். அதில் வேலை செய்யும் லோரா ரேடியோ மாட்யூல் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கிறது. இத்தனூண்டு சக்தியில் அவ்வளவு தூரம் கேட்குமா என்றால், கேட்கும். 30 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானமே 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. நடுவில் கட்டடம் இல்லை, மரம் இல்லை, எதிர் வீட்டுத் தண்ணீர் டேங்க் இல்லை. பிரிட்டனில் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் வெறும் 10 மில்லிவாட் ரேடியோவை வைத்துக்கொண்டு பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து கேட்டிருக்கிறார்கள். நாங்களும் லோராவையே எடுத்துக்கொண்டோம்.

இனி எங்கள் அசட்டுத்தனங்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், நாமே செய்ய வேண்டும் என்ற என் வாதம் நிற்பதே இவற்றின் மேல்தான்.

முதல் நாள். பெட்டி மாடியில். கம்ப்யூட்டர் கீழே ஹாலில். மேப்பில் புள்ளி வந்துவிட்டது, ஒரே கூச்சல். கிட்டே போய்ப் பார்த்தால் புள்ளி முகலிவாக்கத்தில் இருக்கிறது! அபிராமபுரத்திலிருந்து மேற்கே 11 கிலோமீட்டர். மாட்யூல் கெட்டுப்போச்சு, கடைக்காரர் ஏமாத்திட்டார் என்று இரண்டு நாள் அவரைத் திட்டினோம். தப்பு எங்கள் மேல். ஜி.பி.எஸ். ரிசீவர் தீர்க்கரேகையை 8015.4 என்கிற மாதிரி அனுப்பும். அதற்கு 80 டிகிரி, 15.4 நிமிஷம் என்று அர்த்தம். ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம், ஆகவே அது 80.257 டிகிரி. நாங்கள் அதை 80.154 என்று படித்துவிட்டோம். அட்சரேகையிலும் இதே கூத்து. ஆறாங்கிளாஸ் பூகோளம்! இந்தத் தப்போடு பலூனை விட்டிருந்தால், பெட்டி ஒரு ஊர் ஏரிக்கரையில் கிடக்க, நாங்கள் பக்கத்து ஊர் வயலில் தேடிக்கொண்டிருப்போம். வாங்கிய ட்ராக்கரில் இந்தத் தப்பு இருந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புள்ளி தப்பாக விழும்போது அது தப்பு என்று சந்தேகப்படும் புத்தியும் எங்களுக்கு வந்திருக்காது.

இரண்டாவதை மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆயுசு முழுக்கச் சோதித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகை ஜி.பி.எஸ். சிப், நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், கையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும். அந்த நிலையில் 12 கிலோமீட்டர் உயரம்தான் அதற்கு எல்லை. அதற்கு மேலே இருப்பிடம் தராது. 'நீ பறக்கிறாய்' என்று ஒரு கட்டளை அனுப்பினால் 50 கிலோமீட்டர் வரை வேலை செய்யும். கரண்ட் ஒரு தடவை போய் வந்தால், சேமித்து வைக்காத பட்சத்தில், அந்தக் கட்டளை மறந்துபோகும். இது போதாதென்று பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாடு ஒன்றும் இருக்கிறது. ஜி.பி.எஸ். சிப்பை யாரும் ஏவுகணையில் வைத்துவிடக் கூடாதென்று 18 கிலோமீட்டர் உயரம், மணிக்குச் சுமார் 1,900 கிலோமீட்டர் வேகம் என்று குளிர்யுத்த காலத்து வரம்பு. இரண்டையும் ஒருசேரத் தாண்டினால் நின்றால் போதும். சில கம்பெனிகள் ஒன்றைத் தாண்டினாலே நிற்கும்படி செய்துவிடுகிறார்கள். பலூன் வேகத்தைத் தாண்டாது, உயரத்தைத் தாண்டும். அவ்வளவுதான், ரிசீவர் அவுட். இதெல்லாம் டேட்டாஷீட்டில் பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறது. ரெடிமேட் வாங்குகிறவன் அதைத் திறந்தே பார்க்க மாட்டான். இப்போது எங்கள் ப்ரோக்ராம் நிமிஷத்துக்கு ஒரு தடவை சிப்பைக் கூப்பிட்டு, 'பறக்கறேங்கறது ஞாபகம் இருக்கா?' என்று கேட்கிறது.

மூன்றாவது, குளிர். சென்னைக்காரனுக்குக் குளிர் என்றால் மார்கழி காலை. ஆனால் நம்ம ஊர் தலைக்கு மேலே 16, 17 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட மைனஸ் 80 டிகிரி. அந்த உயரத்தில் நமக்கு மேலே இருப்பது, லண்டனுக்கு மேலே இருப்பதை விடக் குளிரானது என்று தெரிந்தபோது எனக்கே ஆச்சரியம். உலர் பனிக்கட்டி மைனஸ் 78 டிகிரி, கச்சிதமாகப் பொருந்தும். ஒரு பெட்டியில் அதை வைத்து, காற்றோட்டமாக மாடியிலேயே, நடுவில் எங்கள் கருவியை வைத்தோம். சாதாரண அல்கலைன் பேட்டரி கொஞ்ச நேரத்தில் படுத்துவிட்டது. லித்தியம் பேட்டரிக்கு மாறி, தெர்மாகோலைத் தடிமனாக்கிய பிறகு முழுப் பயண நேரமும் தாக்குப்பிடித்தது.

ஏன் சென்னைக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம்? காற்றால். ஜூலையில் நம் ஊரில் கீழே மேற்குக் காற்று. மாடியிலிருந்து விட்டால் பலூன் சில நிமிஷத்தில் கடல் மேலே. ஆறேழு கிலோமீட்டர் தாண்டினால் கதை மாறும். மேலே கிழக்கிலிருந்து மேற்காக ஒரு ஜெட் காற்று, 14, 15 கிலோமீட்டர் உயரத்தில் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசும். அதைப் பற்றி 1958-ல் எழுதி உலகத்துக்குச் சொன்னவர் நம் வானிலைத் துறையின் விஞ்ஞானி கோடீஸ்வரம். கடலுக்குப் போன பலூனை அந்தக் காற்று திருப்பிக் கொண்டுவந்து, நாங்கள் போட்ட கணக்குப்படி, காஞ்சிபுரத்தைத் தாண்டி வேலூர் பக்கம் வரை தள்ளலாம். கோடையின் தொடக்கத்தில் மேலே காற்று எதிர்த் திசையில் வீசினால் நேரே வங்கக் கடல், டாட்டா பை பை. அதனால்தான் மாடியிலிருந்து விடும் ஆசையை விட்டுவிட்டு, உள்நாட்டில் ஒரு திறந்த வெளி என்று திட்டத்தை மாற்றினோம். மீனம்பாக்கம் விமானப் பாதைக்குப் பக்கத்தில் விளையாடுவதும் சரியில்லை. அனுமதி கேட்டு எழுதிய கடிதம் மேஜை மேஜையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை. வானத்தில் ஒரு பெட்டியை விடுகிறவனிடம் நாலு கேள்வி கேட்கத்தான் வேண்டும்.

ஆகவே இந்த நிமிஷம் வரை எங்கள் பெட்டி பறந்தது பறக்கும் ரயிலில் மட்டும்தான். மந்தைவெளியிலிருந்து வேளச்சேரி வரை :-) ஸ்டேஷன் கான்கிரீட்டுக்குள் சிக்னல் போவதும், வெளியே வந்ததும் திரும்பி வர எத்தனை விநாடி ஆகிறது என்பதும் எங்கள் நோட்டில் இருக்கிறது.

அடுத்து பரங்கிமலை. பெட்டியோடு ஒருத்தன் மலை மேலே, நாங்கள் மாடியில். நேர்கோட்டில் ஏழு கிலோமீட்டர் சொச்சம். வரி வரியாக வந்தது, ஒன்றிரண்டுதான் தவறியது. 1802 ஏப்ரலில் லாம்டன் இந்தியாவை அளக்கும் வேலையைத் தொடங்கியது அந்த மலையை ஒட்டித்தான். 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலி வைத்து அளக்கவே இரண்டு மாசத்துக்குக் கிட்ட ஆனது. 'நான் எங்கே இருக்கேன்' என்ற கேள்விக்கு அத்தனை மெனக்கெட்ட இடத்தில் நின்றுகொண்டு, சில நூறு ரூபாய் மாட்யூல் விநாடிக்கு ஒரு விடை தருவதைப் பார்த்தபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

இப்போது எதிர்க்கட்சி. "சிப் வெளிநாடு, ரேடியோ வெளிநாடு, ஜி.பி.எஸ். அமெரிக்காவோடது. இதுல என்னடா வீட்டுத் தயாரிப்பு?" என்று நண்பன் ஒருத்தன் மடக்கினான். நியாயமான கேள்வி. நாங்கள் மணலிலிருந்து சிப் செய்யவில்லைதான். ஆனால் கடைசி வரை நம்முடையதாக இருக்க வேண்டியது, இந்தக் கருவி எப்போது பொய் சொல்லும், எப்போது வாயை மூடிக்கொள்ளும் என்ற அறிவு. அதைக் கடையில் விற்பதில்லை. பெரியவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். வானிலைப் பலூனில் போகும் ஜி.பி.எஸ். கருவியை விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சொந்தமாக உருவாக்கி, வானிலை அறிஞர் பிஷரோட்டியின் பெயரை வைத்தார்கள். ஜி.பி.எஸ்.ஸுக்கே மாற்றாக 2013 ஜூலை 1 அன்று முதல் செயற்கைக்கோளை ஏவி நாவிக் அமைப்பைத் தொடங்கினார்கள். அணுக் கடிகாரங்கள் பழுதாயின, 2025 ஜனவரியில் போன செயற்கைக்கோள் வால்வு திறக்காமல் சரியான சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. ஆனாலும், அடிபட்டுக் கற்றது இவர்களிடமே இருக்கிறது.

கடைசியாக, பாட்டியின் கேள்வி. கீழே இருப்பவர்கள். 2022 டிசம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் ஒரு வயலில் பெரிய உருண்டையான பொருள் ஒன்று வந்து இறங்கியது. ஊரே திரண்டது, வேற்றுக்கிரகம் என்று வதந்தி. கடைசியில் பார்த்தால் ஹைதராபாதில் டி.ஐ.எஃப்.ஆர். பலூன் மையத்திலிருந்து விட்ட பலூனில் போன சோதனைக் கூடு. அவர்களுக்குப் பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், ஊர்க்காரர்களுக்கு இது என்னவென்று தெரியாது. நம் விஷயத்தில் இரண்டு பக்கமும் தெரியாமல் போனால்? வயர், பேட்டரி, மின்னும் விளக்கோடு ஒரு பெட்டி யாரோ ஒருவர் கரும்புத் தோட்டத்தில் விழுந்தால், அவர் போலீசைக் கூப்பிடுவதில் என்ன தப்பு? எங்கள் பெட்டியின் நாலு பக்கமும் பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டியிருக்கிறோம்: 'இது மாணவர்களின் வானிலைக் கருவி. ஆபத்தில்லாதது. தயவுசெய்து இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.' என் கணக்கில் அந்தக் காகிதமும் ட்ராக்கரின் ஒரு பகுதிதான்.

இதில் இறங்க நினைப்பவர்களுக்கு என் சிற்றறிவுக்கு எட்டியது நாலே விஷயம். பலூனுக்குக் காசு கொடுக்கும் முன் ட்ராக்கரை முடியுங்கள். இருப்பிடம் சொல்ல இரண்டு வழி வையுங்கள்: மேலே இருக்கும்போது ரேடியோ, விழுந்த பிறகு எஸ்.எம்.எஸ். (2ஜி மாட்யூல் என்றால் 2ஜி இருக்கும் கம்பெனி சிம்மாகப் பார்த்துப் போடுங்கள், ஜியோவில் 2ஜி கிடையாது.) தரையைத் தொடும் நேரத்தில் மரமும் வீடும் மறைத்து ரேடியோ கேட்காமல் போகும், அதனால் துரத்திப் போகும் வண்டி கிட்டேயே இருக்கட்டும். அனுமதி இல்லாமல் விடாதீர்கள், எவ்வளவு கை அரித்தாலும்.

எங்கள் பலூன் எப்போது போகும் என்று தெரியாது. போகாமலே நாங்கள் படிப்பை முடித்துவிடவும் கூடும். வருகிற ஜூனியர்களிடம் பெட்டியையும் நோட்டையும் கொடுத்துவிட்டுப் போவோம்.

நேற்று சாயங்காலம் பாட்டி மறுபடி கேட்டார், "இப்ப உன் பெட்டி எங்கடா இருக்கு?"

"மாடிலதான் பாட்டி. வடகிழக்கு மூலைல, தண்ணி டேங்குக்குப் பக்கத்துல."

பாட்டி நம்பவில்லை. படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான், "ம்... சரியாத்தான் சொல்றே" என்றார். எங்களுக்குக் கிடைத்த முதல் சர்ட்டிபிகேட்.